மாதங்கள் உருண்டோடின

திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் போன வாரம் ஒரு பழைய கமாண்டோ காமிக்ஸ் கிடைத்தது. அட்டை கிழிந்துபோயிருந்ததால் தலைப்பு தெரியவில்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய புத்தகம், 60 சொச்சம் பக்கம், பக்கத்துக்கு இரண்டு மூன்று கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். 1961 முதல் ஸ்காட்லாந்தின் டண்டியிலிருந்து வந்துகொண்டிருக்கும் போர்க்கதை வரிசை. பள்ளிக்கூட நாட்களில் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்த ரகம்.

கதை தெரிந்ததுதான். பிரிட்டிஷ் விமானி ஜெர்மானியரிடம் மாட்டுவார். காவலர்களுக்கு ‘ஆக்டுங்!’ (ஜெர்மன் மொழியில் ‘கவனம்!’) என்று கத்த மட்டும்தான் தெரியும். கடைசிப் பக்கத்தில் ஆள் ஊர் திரும்பிவிடுவார். முகாமில் அடைபட்டுக் கிடந்த காலம் முழுவதற்கும் ஒரே ஒரு கட்டம். மேலே ‘மாதங்கள் உருண்டோடின’ என்கிற மாதிரி ஒரு வரி. சின்ன வயதில் அந்த மாதிரிக் கட்டங்களில் என் கண் நின்றதே இல்லை. இப்போது அதைத் தாண்ட முடியவில்லை.

என் கட்சி இதுதான்: போர்க்கைதியின் கதையே அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட நேச நாட்டு விமானிகளை ஜெர்மானியர் அடைத்துவைத்திருந்த சாகான் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். செஞ்சிலுவைப் பொட்டலத்தில் வந்த பால்பவுடர் டப்பாக்களை ஒன்றோடொன்று சேர்த்துச் சுரங்கத்துக்குக் காற்றுக் குழாய் செய்தார்கள். மண் சரியாமலிருக்கக் கட்டில் பலகைகளை உருவினார்கள். (மிச்சப் பலகையில் எப்படித் தூங்கினார்களோ!) தோண்டிய மண்ணைக் கால்சட்டைக்குள் தொங்கவிட்ட பைகளில் கொண்டுபோய், நடை பழகுவதுபோல மைதானத்தில் கொட்டி மிதித்தார்கள். மாதக்கணக்கில் இதே வேலை. 1944 மார்ச் 24 இரவு 76 பேர் வெளியேறினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் 50 பேரை ஹிட்லரின் உத்தரவின்படி சுட்டுக் கொன்றார்கள். தப்பியவர்கள் 3 பேர். காமிக்ஸ் நாயகன் எப்போதும் அந்த 3 பேரில் ஒருவர்.

சரி, பையன்களுக்காக எழுதியது, முகாமின் சலிப்பை 60 பக்கம் வரைந்தால் எவன் காசு கொடுப்பான் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் படம் போட்டவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்தக் கட்டத்தில் நாயகன் ஜன்னலோரம் நின்று முள்கம்பியைப் பார்க்கிறார். பின்னால், கட்டில் விளிம்பில் ஒருவர் குனிந்து காலுறை தைத்துக்கொண்டிருக்கிறார். நாலைந்து கோடுதான், முகம்கூட இல்லை. அடுத்த பக்கத்தில் நாயகன் வேலியைத் தாண்டுகிறார். அந்த ஆளைத் தேடிக் கடைசிப் பக்கம்வரை புரட்டினேன், எங்கும் காணோம்.