27 இன்ச்சுக்கு ஃபுல் எச்டி போதாது
27 இன்ச் மானிட்டருக்கு ஃபுல் எச்டியே தாராளம் என்று மானிட்டர் பற்றிய இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. ஃபுல் எச்டி என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080 பிக்சல், அதாவது படத்தை உண்டாக்கும் புள்ளிகள். 24 இன்ச் திரையில் அது ஒரு இன்ச்சுக்குச் சுமார் 92 பிக்சல். 27 இன்ச்சில் அதுவே 82தான். படம் பார்க்க உறுத்தாது. ஆனால் நாள் முழுக்கத் தமிழில் மெய்ப்புத் திருத்துகிற எனக்கு, பொடி எழுத்தில் அது ‘ன’வா ‘ண’வா, தலையில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று திரைக்குள் முகத்தை விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஆறு மாதம் பொறுத்துவிட்டு அதே 27 இன்ச்சில் 2560க்கு 1440 பிக்சல் உள்ள திரைக்கு மாறினேன், இன்ச்சுக்கு 109. அதன்பிறகு அந்தத் தொல்லை இல்லை. கழுத்துவலி வராமல் இருக்க எந்த மானிட்டர் வாங்கலாம் என்று மேலே கேட்டவருக்கு: விலையைப் பார்க்காதீர்கள், ஸ்டாண்டு உயரம் ஏறி இறங்குமா என்று பாருங்கள். என்னுடையது இறங்காது, ஏறாது. பழைய டெலிபோன் டைரக்டரி இரண்டுதான் முட்டுக்கொடுக்கின்றன.