குப்பையை எரிப்பது பசுமை மின்சாரமா?

வடசென்னையின் கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரிஉலைத் திட்டம் 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' தரும் என்கிறது ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. வெயிலும் காற்றும் நாளைக்கும் வரும். உலையில் நன்றாக எரிவதோ பிளாஸ்டிக். அது பெட்ரோலியத்திலிருந்து வந்தது, எரித்தால் எண்ணெயை எரித்த அதே கரியமில வாயுதான். நம் குப்பையில் ஏறக்குறைய பாதி காய்கறித் தோலும் மிச்சச் சோறும். அந்த ஈரக் குப்பை எங்கே எரியப் போகிறது? அதை உரமாக்கலாம், எரிவாயு எடுக்கலாம்.

சரி, மின்சாரமாவது மலிவா என்றால் அதுவும் இல்லை. சூரிய மின்சாரத்தைவிட விலை அதிகம். ஆனாலும் 2016 மின்கட்டணக் கொள்கைப்படி மின்வாரியங்கள் இதை முழுவதும் வாங்கியாக வேண்டும். 'பசுமை' என்ற பெயர் இதற்குத்தான் உதவுகிறது.

அப்புறம் எரிக்கும்போது உண்டாகும் டையாக்சின் என்ற கொடிய நச்சுப் பொருள், நச்சுச் சாம்பல். டெல்லி ஓக்லாவில் உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் நீதிமன்றம் வரை போய்ப் போராடினார்கள். மணலி, எண்ணூர் ஆலைப் புகையை ஏற்கெனவே சுவாசிக்கும் வடசென்னைக்கு இன்னொரு புகைபோக்கியா? உலையைக் கட்டிவிட்டால் இருபது வருடம் அதற்குத் தீனி போட வேண்டும். பிறகு குப்பையைக் குறைக்க யார் முன்வருவார்கள்? அந்தப் பணத்தில் வார்டு வார்டாகத் தரம் பிரித்து உரமாக்குங்கள்.