புகையிலை சேர்க்காத பாக்கு ஆபத்தில்லையா?

"புகையிலை போட்டால்தான் வாய்ப்புற்று வரும், வெறும் பாக்கு செரிமானத்துக்கு நல்லது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

தைவானைப் பாருங்கள். அங்கே வெற்றிலை பாக்கில் பொதுவாகப் புகையிலை சேர்ப்பதே இல்லை. ஆனாலும் பாக்குப் பழக்கம் பரவியபின், 1980களிலிருந்து ஆண்களிடம் வாய்ப்புற்று வேகமாகக் கூடியது. (அவர்களில் பலர் சிகரெட்டும் பிடிப்பவர்கள். சரி, அது ஆபத்தை இன்னும் பெருக்கும். ஆனால் பாக்கை நிரபராதி ஆக்கிவிடாது.) உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் பாக்கையே தனியாகப் புற்றுநோய்க் காரணி என வகைப்படுத்தியது. சளிச்சவ்வு இறுகி வாய் திறக்க முடியாமல் போகும் நோய்க்கும் பாக்குதான் முக்கியக் காரணம். அந்த நோய் பிற்பாடு புற்றாக மாறலாம். பிள்ளைகள் வாங்கும் இனிப்புப் பாக்குப் பொட்டலத்தில் இருப்பதும் இதே பாக்குதான்.