கடகத்துக்கு ஆர் பேர் போடுறது?

போன கிழமை யாழ்ப்பாணத்தில ஒரு கண்காட்சிக்குப் போனனான். எங்கட பாரம்பரியப் பொருள்கள் எண்டு சொல்லி வைச்சிருந்தவை. இடத்தின்ர பேர் சொல்ல விருப்பமில்லை, தங்கட காசைப் போட்டு மினக்கெட்டுச் செய்தவை, அவையளைச் சந்தி சிரிக்க வைக்கிறது என்ர நோக்கமில்லை. ஆனா மூண்டு நாளா நித்திரை இல்லாமல் இதையே யோசிச்சுக்கொண்டு இருக்கிறன், அதால எழுதுறன், நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பழைய வாள் ஒண்டு இருந்தது, பக்கத்தில எந்தக் குடும்பத்தின்ர வாள் எண்டு எழுதியிருந்தது. ஏட்டுச்சுவடிக்குப் பக்கத்தில எழுதினவர் பேர், அதைத் தந்தவர் பேர், ரெண்டும். பித்தளை விளக்குக்குக் கூட ஆர் அன்பளிப்புச் செய்தது எண்டு இருந்தது. கடைசி மேசையில ஒரு கடகம், ஓலையில இழைக்கிற கூடை. லேபிள்ல "கடகம். பனையோலை." அவ்வளவுதான்.

அங்க நிண்ட ஒரு பெரியவரிட்டக் கேட்டன், அண்ணை இதை ஆர் இழைச்சது எண்டு. அவர் கோவிக்கேல்லை, நல்ல மாதிரித்தான் சொன்னவர். "தங்கச்சி, உது கைப்பணி தானே, ஊர்ப் பொம்பிளையள் ஆரும் செய்திருப்பினம், உதுக்கு ஆர் பேர் போடுறது?"

நான் ஒண்டும் சொல்லாமல் கடகத்தைத் தூக்கிக் கவிட்டுப் பாத்தன் (தொடக்கூடாது எண்டு போட்டிருந்தது, தெரியும்). உங்களில கன பேருக்குத் தெரிஞ்சிருக்கும், கடகத்தின்ர அடி சதுரம், வாய் வட்டம். அடியில நாலு மூலை வரும். அந்த நாலு மூலையில ஒண்டில மட்டும், சாயம் போட்ட ஒரு ஓலை, ஊதா நிறம், மங்கிப் போய்க் கிடந்தது. மற்ற மூண்டு மூலையிலயும் இல்லை. எனக்கு நெஞ்சு பகீர் எண்டது. ஏனெண்டால் என்ர அம்மம்மாவும் இப்பிடித்தான் செய்யிறவ. அவட கடகத்தில ஒரு மூலையில பச்சை ஓலை ஒண்டு ஓடும். எங்கட ஒழுங்கையில ஆரும் கலியாண வீட்டுக்குக் கடகம் இரவல் குடுத்தால், திருப்பி எடுக்கேக்கை கவிட்டுப் பாத்துத்தான் எடுப்பினம், இது இன்னாற்ற கை எண்டு. அது அடையாளம். அது கையெழுத்து. அந்த மனுசி தன்ர பேரை அதில போட்டிட்டுத்தான் போயிருக்கிறா, எங்களுக்கு வாசிக்கத் தெரியேல்லை.

நான் பள்ளிக்கூடத்தில சித்திரம் படிப்பிக்கிறன். பிள்ளையளுக்கு கெரில்லா கேர்ள்ஸ் பற்றிச் சொல்லாமல் எந்த வருஷமும் விட்டதில்லை. தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். 1984ல நியூயோர்க்கில நவீன ஓவியத்துக்கெண்டே இருக்கிற பெரிய மியூசியத்தில, மோமா எண்டு சொல்லுறது, உலக அளவில இண்டைக்கு நடக்கிற ஓவியமும் சிற்பமும் இதுதான் எண்டு சொல்லி ஒரு கண்காட்சி வைச்சவை. 169 கலைஞர்கள். அதில பெண்கள் 13 பேர். பெண்கள் வாசல்ல நிண்டு பதாகை பிடிச்சுப் பாத்தவை, உள்ளுக்குப் போற சனம் திரும்பியும் பாக்கேல்லை. அந்தக் கோவத்தில 1985ல கொஞ்சப் பெண் கலைஞர்கள் சேர்ந்து தொடங்கினதுதான் கெரில்லா கேர்ள்ஸ். கொரில்லாக் குரங்கின்ர முகமூடியைப் போட்டுக்கொண்டு வருவினம், சொந்தப் பேர் சொல்லமாட்டினம், செத்துப்போன பெண் கலைஞர்களின்ர பேரைத்தான் வைச்சிருப்பினம், ஒருத்தி ஃப்ரீடா காலோ, ஒருத்தி கேத்தே கோல்விற்ஸ். இரவில ஒட்டுற போஸ்ரர்தான் அவையின்ர ஆயுதம். முகத்தை மறைச்சது, ஆர் எண்டு தெரிஞ்சால் அடுத்த நாள் ஒரு கலரியும் அவையின்ர படத்தை எடுக்காது எண்ட பயத்திலயும், கதை ஆளைப் பற்றிப் போகாமல் விசயத்தைப் பற்றியே போகவேணும் எண்டதுக்காகவும்.

அவை செய்த வேலையில எனக்குப் பிடிச்சது, எண்ணினதுதான். வேற ஒண்டுமில்லை, ரிக்கற் எடுத்து, கொப்பி பென்சிலோட நியூயோர்க் மெற்றோபொலிற்றன் மியூசியத்துக்குள்ள போய், சுவர் சுவரா நிண்டு எண்ணினவை. இந்தப் படம் கீறினது ஆணோ பெண்ணோ, இந்தப் படத்தில உடுப்பில்லாமல் இருக்கிறது ஆணோ பெண்ணோ. 1989ல வந்த கணக்கு இது: நவீன ஓவியப் பகுதியில இருக்கிற கலைஞர்களில பெண்கள் 5 வீதத்துக்கும் குறைவு, நிர்வாண உருவங்களில பெண்கள் 85 வீதம். அதைப் போட்டு, மெற் மியூசியத்துக்குள்ள போகிறதுக்குப் பெண்கள் உடுப்பைக் கழட்டத்தான் வேணுமோ எண்டு கேட்டு ஒரு போஸ்ரர் அடிச்சவை. அங்க்ர் எண்ட பிரெஞ்சு ஓவியர் 1814ல கீறின ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறவ, அவவுக்குக் கொரில்லாத் தலையை வைச்சு. பொது இடத்தில கலை வைக்கிற ஒரு அமைப்புத்தான் விளம்பரப் பலகைக்கெண்டு முதல்ல கேட்டு வாங்கினது, பேந்து அதுவே வேண்டாம் எண்டிட்டுது. உடன இவை தங்கட காசில நியூயோர்க் பஸ்களில இடம் வாடகைக்கு எடுத்து ஒட்டினவை. கொஞ்சக் காலத்தில பஸ் கொம்பனிக்காரர் ஒப்பந்தத்தை ரத்துப் பண்ணிப்போட்டினம், படம் ஆபாசமா இருக்காம். அந்தப் படம் மியூசியச் சுவரில மாட்டியிருக்கேக்கை கலை, அதே உடம்பு பஸ்ஸில நிண்டு கேள்வி கேக்கேக்கை ஆபாசம்.

பேந்து 2005லயும் 2012லயும் போய்த் திருப்பி எண்ணினவை. 2005ல பெண் கலைஞர்கள் 3 வீதத்துக்கும் கீழ, நிர்வாணத்தில 83 வீதம். 2012ல 4 வீதத்துக்கும் கீழ, 76 வீதம். நிர்வாண ஆம்பிளையள் கொஞ்சம் கூடியிருக்கினம், கீறின பொம்பிளையள் கூடேல்லை. இதை வகுப்பில கரும்பலகையில எழுதேக்கை பெட்டையள் எல்லாம் கதைக்காமல் இருந்திடுவாளவை. 

"நல்லாச் செய்தால் தானா இடம் கிடைக்கும்" எண்டு சொல்லுறவை எல்லா இடத்திலயும் இருக்கினம். அவைக்கு நான் சொல்லுறது, ஐரோப்பாவில 19ம் நூற்றாண்டின்ர கடைசி மட்டும் பெரும்பாலான ஓவியப் பள்ளியளில உயிருள்ள நிர்வாண மொடலை வைச்சுக் கீறப் பெண்களை விடேல்லை. மனுச உடம்பைக் கீறப் பழகாமல் அந்தக் காலத்துப் பெரிய படம் ஒண்டும் கீற ஏலாது. கதவைப் பூட்டிப்போட்டு, நீ ஏன் உள்ளுக்கு வரேல்லை எண்டு கேக்கிறது என்ன நியாயம்? லிண்டா நொக்லின் எண்ட கலை வரலாற்று ஆசிரியர் இதை 1971லயே எழுதிப்போட்டா.

கெரில்லா கேர்ள்ஸ் பற்றியும் ஒண்டு சொல்லவேணும், மறைக்கக்கூடாது. இனவாதத்துக்கும் எதிரா அவை கன போஸ்ரர் அடிச்சவை, ஆனா அவைக்குள்ளயே கறுப்பினப் பெண்கள் கொஞ்சப்பேர்தான் எண்ட விமர்சனம் இருந்தது. கொரில்லா முகமூடி ஒரு வெள்ளைப் பெண்ணுக்கு ஒரு மாதிரி, தலைமுறை தலைமுறையாக் குரங்கெண்டு பேச்சு வாங்கின கறுப்பினப் பெண்ணுக்கு வேற மாதிரி. இது எங்களுக்கு நல்லா விளங்கவேணும். யாழ்ப்பாணத்தில நாங்கள் "பெண்கள்" எண்டு சொல்லேக்கை எந்தப் பெண்களைச் சொல்லுறம்? கூட்டத்தில மைக் பிடிக்கிறது ஆர், கதிரை அடுக்கிறது ஆர்? பனையோலை இழைச்சுப் பிள்ளையளை வளர்த்த அம்மாமாரின்ர சாதியைக் கேட்டுத்தான், அவையை முற்றத்தோட நிப்பாட்டுறதோ வீட்டுக்குள்ள எடுக்கிறதோ எண்டு முடிவெடுத்த ஊர் இது. கடகம் மட்டும் உள்ளுக்கு வரலாம். 1990 ஒக்டோபர்ல வடக்கில இருந்து வெளியேற்றின முஸ்லிம் அம்மாமார் விட்டிட்டுப்போன சாமான் ஏதும் எங்கட "பாரம்பரியப் பொருள்" மேசையில இருக்கோ? நான் போன இடத்தில இல்லை.

ஃபெய்த் ரிங்கோல்ட் எண்ட கறுப்பினக் கலைஞர், கெரில்லா கேர்ள்ஸ் வாறதுக்குப் பதினைஞ்சு வருஷத்துக்கு முதல், 1970ல நியூயோர்க் விற்னி மியூசியத்தின்ர வருஷாந்தக் கண்காட்சிக்கு எதிராப் போராடினவ. பெண்களுக்கு 50 வீதம் வேணும் எண்டு கேட்டு, முட்டையளில 50 எண்டு எழுதி மியூசியத்துக்குள்ள மூலை மூலையாக் கொண்டுபோய் வைச்சவை, உள்ளுக்கு நிண்டு விசில் அடிச்சவை. 50 கிடைக்கேல்லை. ஆனா அந்த வருஷாந்தக் கண்காட்சியில பெண்களின்ர தொகை முந்தினதை விட ஏறினது, பெற்றி சாரும் பார்பரா சேஸ் ரிபூவும் அங்க காட்சிக்கு வைச்ச முதல் கறுப்பினப் பெண்கள் ஆனவை.

ரிங்கோல்டைப் பற்றி நான் கூடக் கதைக்கிறதுக்கு வேற காரணம் இருக்கு. அவ பேந்து துணியில வேலை செய்யத் தொடங்கினவ, 1980ல தன்ர அம்மாவோட சேர்ந்து முதல் ஒட்டுத்துணிப் போர்வையைத் தைச்சவ. அவட பாட்டிக்குப் பாட்டி அடிமையா இருந்து எசமான் வீட்டுக்குப் போர்வை தைச்ச மனுசி. அதாவது மியூசியக்காரர் "கைப்பணி" எண்டு தள்ளி வைச்சதைத்தான் இவ எடுத்துக் கலையா முன்னுக்கு வைச்சவ. அதைவிட ஒரு சின்ன விசயம், எனக்கு அதுதான் பெரிசு: துணிக்கு மாறினதுக்கு ஒரு காரணம், துணியைச் சுருட்டலாம். மரச்சட்டம் போட்ட பெரிய படத்தைத் தூக்கி இறக்க ஒரு ஆம்பிளையின்ர உதவி வேணும், சுருட்டினால் தானே தூக்கிக்கொண்டு போகலாம்.

இதை முதல்முதல் வாசிக்கேக்கை எனக்கு 1995 இடப்பெயர்வுதான் நினைவு வந்தது. ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தடியில நெரிபட்டுக்கொண்டு நிண்டது, மழை. அப்பா சைக்கிள்ல அரிசியும் காணி உறுதியும் கட்டினவர். அம்மம்மா தான் இழைச்ச பாயைச் சுருட்டித் தோளில வைச்சுக்கொண்டு நடந்தவ, அதைப் போட்டிட்டு வா எண்டு எல்லாரும் கத்தினவை, அவ விடேல்லை. சாவகச்சேரியில ஒரு பள்ளிக்கூட விறாந்தையில நாங்கள் ஏழு பேர் அந்தப் பாயிலதான் படுத்தனாங்கள். ஓரத்தில அவட பச்சை ஓலை. நான் இரவிரவா அதைத் தடவிக்கொண்டு கிடந்தனான். அந்தப் பாயை ஆரும் கலை எண்டு சொல்லேல்லை, அம்மம்மாவும் சொல்லேல்லை.

ரிங்கோல்ட் 1967ல கீறின மிகப்பெரிய ஓவியம் ஒண்டை மோமா வாங்கினது 2016ல. 49 வருஷம். 2024ல 93 வயசில செத்தவ. காணுறதுக்கு உயிரோட இருந்தா எண்டு சந்தோசப்படுறதோ, 49 வருஷம் எண்டு அழுறதோ தெரியேல்லை.

இனி எங்கட பக்கத்தில இருந்து போன ஒண்டைப் பாருங்கோ. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில பௌத்தப் பெண் தெய்வமான தாரா தேவியின்ர சிலை ஒண்டு நிக்குது, 8ம் நூற்றாண்டு, பொன் முலாம் பூசின வெண்கலம், கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில எடுத்தது எண்டு சொல்லுறவை. கண்டியைப் பிடிச்ச, இலங்கையில பிரிட்டிஷ் ஆளுநரா இருந்த பிரவுன்றிக் 1830ல மியூசியத்துக்குக் குடுத்தவர். மேல் உடம்பு வெறுமையா இருக்கிற சிலை எண்டதால, சனம் பாக்கக்கூடாது எண்டு முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஒரு அறைக்குள்ள வைச்சிருந்தவை, படிச்ச ஆக்கள் மட்டும் போய்ப் பாக்கலாம். எங்கட சனம் கும்பிட்ட தெய்வம். அங்க்ர் கீறின பெண்ணை எல்லாரும் பாக்கலாம், கிழக்குக் கரையில இருந்து போன தாராவை அறைக்குள்ள பூட்டவேணும். பதிவில கொண்டுபோனவரின்ர பேர் இருக்கு. வார்த்தவை ஆர் எண்டு இல்லை.

கொண்டுபோனவர் பேர், குடுத்தவர் பேர், வைச்சிருந்த குடும்பத்தின்ர பேர். செய்த ஆளின்ர பேர்தான் இல்லை. லண்டன்லயும் இதுதான், என்ர ஊர்க் கடைசி மேசையிலயும் இதுதான்.

நான் வகுப்பில 43 குழு எண்ட நவீன ஓவியர் குழுவைப் பற்றிப் படிப்பிக்கிறன், 1943ல கொழும்பில தொடங்கினது, தொடங்கின முக்கியமான ஆக்கள் எல்லாரும் ஆம்பிளையள். ஜோர்ஜ் கீற், லயனல் வென்ட், ஐவன் பீரிஸ், எல்லாரும் பெரிய கலைஞர்கள், அவையின்ர வேலையில எனக்கு மரியாதை இருக்கு. ஆனா ஒரு பிள்ளை கையை உயர்த்தி, அந்த நேரம் பொம்பிளையள் என்ன செய்துகொண்டு இருந்தவை ரீச்சர் எண்டு கேட்டவள். என்ர சித்திர வகுப்பில பெட்டையள்தான் கூட, கீறுறதிலயும் அவளவைதான் முன்னுக்கு. இருபத்தைஞ்சு வயசுக்குப் பிறகு அவளவையின்ர கீறல் எங்க போகுது எண்டு எனக்குத் தெரியும், கலியாணப் பத்திரிகைக்கு டிசைன், பிள்ளையின்ர பள்ளிக்கூட சார்ட். அதுவும் கைப்பணி.

கண்காட்சி வைச்சவைக்கு நேற்றுக் கடிதம் குடுத்திட்டன், மரியாதையாத்தான். கேட்டது ரெண்டு. லேபிள்ல "இழைத்தவர்" எண்டு ஒரு வரி சேருங்கோ, பேர் தெரியாட்டில் "பேர் கேட்டுப் பதியப்படவில்லை" எண்டு உண்மையை எழுதுங்கோ. மற்றது, அந்தக் கடகம் எந்த ஊரில இருந்து வந்தது எண்டு சொல்லுங்கோ, நான் போய் விசாரிக்கிறன், ஊதா ஓலை போடுற கை ஆற்ற எண்டு அங்க வயசுபோன ஆரோ ஒரு ஆளுக்குத் தெரிஞ்சிருக்கும். பதில் இன்னும் வரேல்லை.

உங்கட வீட்டில பழைய கடகம், பெட்டி, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, பாய் ஏதும் கிடந்தால் கவிட்டுப் பாருங்கோ. மூலையில நிற ஓலை இருந்தால் அம்மாட்ட, அம்மம்மாட்ட, பெரியம்மாட்டக் கேளுங்கோ, இது ஆற்ற கை எண்டு. கேட்ட உடன ஒரு கடதாசியில எழுதி உள்ளுக்கு வைச்சிடுங்கோ. எங்கட வீட்டில அம்மம்மாட கடகம் ஒண்டுதான் மிஞ்சினது, பாய் வன்னியில போயிட்டுது. நேற்று அதுக்கு எழுதி ஒட்டிப்போட்டன், பேர், ஊர், பிறந்த வருஷம். பச்சை நிறப் பேனையாலதான் எழுதினனான்.