ஜிபிடியை எம்பிஆர் ஆக மாற்றும் முன் இதைப் பாருங்கள்

லினக்ஸில் பயன்படுத்திய டிஸ்க் விண்டோஸில் திறக்காததற்கு ஜிபிடி பார்டிஷன் டேபிள்தான் (டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல்) காரணம், எம்பிஆர் என்ற பழைய வகை டேபிளாக மாற்றினால் சரியாகும் என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். தவறாக நினைக்க வேண்டாம் அண்ணா, காரணம் அது இல்லை.

ஜிபிடி, கணினியைத் தொடங்கி வைக்கும் மென்பொருளுக்கான யுஇஎஃப்ஐ தரத்தின் ஒரு பகுதி. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் அதைப் படிக்கத் தெரியும். எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டும்தான் டேபிள் சொல்லும். உள்ளே கோப்புகளை அடுக்கியிருக்கும் முறை ஃபைல் சிஸ்டம், அது வேறு. லினக்ஸின் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம் விண்டோஸுக்கு நேரடியாகப் புரியாது. அதனால்தான் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறது.

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் தங்கை மகன் ஆய்வுத் தரவு இருந்த 4 டிபி டிஸ்க்கோடு பதறிப்போய் வந்தான். விண்டோஸில் அதே கேள்வி. லினக்ஸ் லேப்டாப்பில் செருகியதும் எல்லா ஃபோல்டரும் அப்படியே இருந்தன. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் எம்பிஆர் ஆக மாற்ற வேண்டுமானால் முதலில் எல்லாப் பார்டிஷனையும் அழிக்க வேண்டும். மாற்றிய பிறகும் வழக்கமான 512 பைட் செக்டாரில் (டிஸ்க் தரவை எழுதும் சிறு அலகு) எம்பிஆர் 2 டிபிக்கு மேல் எட்டாது.

நீங்களே பார்க்கலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இடப்பக்கம் டிஸ்க்கின் பெயர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், வால்யூம்ஸ். அங்கே பார்டிஷன் ஸ்டைல் ஜிபிடி என்று சரியாகவே காட்டும். அப்புறம் லினக்ஸின் டிஸ்க்ஸ் செயலியில் அதே பார்டிஷனைத் தொட்டால் எக்ஸ்ட்4 என்று வரும். தயவுசெய்து அதுவரை ஃபார்மட் பட்டனை அழுத்தாதீர்கள்.