தொட்டியில் யூரியா போட்டால் வாற்பேத்தை கொழுக்குமா?

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது: தாமரைத் தொட்டியில் ஒரு பிடி யூரியா போட்டால் பாசி வளரும், வாற்பேத்தைகள் அதைத் தின்று கொழுக்கும், நுளம்புக் குடம்பிகளையும் விழுங்கும், டெங்குப் பயம் இல்லை.

பாசி வளரும் என்பது மட்டும் சரி. வாற்பேத்தை கொழுக்கும், டெங்குப் பயம் இல்லை என்பதெல்லாம் பிழை.

யூரியா தண்ணீரில் நுண்ணுயிர்களால் உடைந்து அமோனியாவாகும். கொழும்பு வெயிலில் பச்சையாகிப்போன தொட்டியைப் பாருங்கள்: பகலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ள, தண்ணீரின் காரத்தன்மை ஏறும். காரமும் சூடும் கூடக்கூட அமோனியாவின் நஞ்சும் கூடும். அதாவது எந்தப் பாசியைச் சாப்பாடு என்கிறார்களோ, அதுவே நஞ்சைக் கூட்டிவிடுகிறது. அப்புறம் அமோனியா நைத்திரைற்றாக மாறும். நைத்திரைற்று இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். பிறகு அது நைத்திரேற்றாக மாறும்.

1999இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ஒரிகன் பகுதித் தவளை போன்ற ஈரூடக உயிரிகளின் குடம்பிகளை வைத்துச் சோதித்தார்கள். நைத்திரேற்று, நைத்திரைற்று கலந்த நீரில் அவை குறைவாகத் தின்றன, சோம்பலாக நீந்தின, நிலைதடுமாறின, பல செத்தன. அமெரிக்கக் குடிநீரில் அனுமதிக்கப்படும் லீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவு (நைத்திரேற்றிலுள்ள நைதரசனாகக் கணக்கிட்டது)கூடச் சில இனங்களைக் கொன்றது. நாம் குடிக்கலாம் என்பதால் வாற்பேத்தைக்கும் ஆகும் என்றில்லை. ஒரு பிடி யூரியாவோ அதைவிட எவ்வளவோ அதிகம்.

நுளம்புக்குத்தான் இதில் கொண்டாட்டம்: உரத்தால் பெருகும் நுண்ணுயிர்கள் அதன் குடம்பிகளுக்கு நல்ல தீனி. தொட்டியில் நுளம்புக் குடம்பிகளைத் தின்னக் கப்பி மீன் போதும். ஆனால் அந்த மீனை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள்.