பழைய சோறும் பழைய பாட்டும்

ஞாயித்துக்கிழமை கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை மேடையில நான் எழுதின பழைய பாட்டு ஒண்ணைக் கொஞ்சம் மாத்திப் பாடினேன். அங்க நடந்ததைப் பத்திப் பேச வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா அந்த வீடியோத் துண்டு குரூப் குரூப்பாச் சுத்துது, நாலு பேர் எனக்கே அனுப்பிட்டாங்க. "அண்ணன்கிட்ட சரக்கு தீந்துருச்சு, பழைய சோத்துல தண்ணி ஊத்திக் கொண்டாந்திருக்காரு"ன்னு தொகுப்பாளர் தம்பி சொல்றாரு, சனம் சிரிக்குது. நானும் சிரிக்கிறேன், பாத்திருப்பீங்க. கையில மைக்கோட நிக்கறவன் வேற என்ன பண்ணுவான்?

பழைய சோறு ராத்திரி தண்ணி ஊத்தி மூடி வெச்சா விடியறப்ப தானா ஆயிரும் தம்பி. பழைய பாட்டு தானா ஆகாது. புதுசா ஒண்ணு எழுதறதை விட இதுல வேலை ஜாஸ்தி.

அந்தப் பாட்டு இருந்தது ஒரு சி-90 கேசட்டுல, அதாவது தொண்ணூறு நிமிஷ கேசட்டு. அறுபது நிமிஷ சி-60 நாடாவை விட இது மெல்லிசு, சட்டுனு இழுபட்டுரும். முதல்ல நாடாச் சுருள் ஓரத்துல வெள்ளையாப் பூசணம் இருக்கான்னு கேசட்டோட ஜன்னல் வழியாப் பாக்கணும். பாக்காம பிளேயர்ல போட்டா, நாடாவைப் படிக்கற ஹெட்டுல அது ஏறி அடுத்த கேசட்டுக்கும் தாவும். நாடாவுக்குப் பின்னாடி ஒரு செம்புப் பட்டையில குட்டிக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும், அதுதான் நாடாவை ஹெட்டோட அமுத்திப் பிடிக்கறது. வருஷமானா பசை காஞ்சு உதிந்துரும். சத்தம் வந்து வந்து போச்சுன்னா பாட்டே அழிஞ்சுதுன்னு தூக்கிப் போடாதீங்க. திருகாணியைக் கழட்டி, வேண்டாத ஒரு கேசட்டுல இருக்கற கம்பளித் துண்டை எடுத்து மாட்டினாப் போதும். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சுட்டு, ஹெட்டோரத் திருகாணியை மயிரிழை மயிரிழையாத் திருப்பி, 'ஸ'ங்கற எழுத்து கணீர்னு வர்ற இடத்துல நிறுத்தணும்.

அப்புறம் வேகம். நாடா ஓட வேண்டியது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். பெல்ட் தளந்த பிளேயர்ல மெதுவா ஓடும், சுருதி இறங்கும். 6 சதவீதம் தப்புனா பாட்டு சுருதியில அரைக்கட்டை தள்ளி நிக்கும். அப்ப எது நெசமான சுருதி? பதியறப்ப வயர்ல ஏறின கரண்டு இரைச்சல் 'ம்ம்ம்'னு பாட்டுக்கு அடியில கிடக்கும். நம்ம நாட்டுக் கரண்டு 50 ஹெர்ட்ஸ். கம்ப்யூட்டர்ல பாக்கறப்ப அது 47ல நின்னா, நாடா 6 சதவீதம் மெதுவா ஓடுதுன்னு அர்த்தம். அந்த இரைச்சலுக்காக அன்னைக்கு ரெக்கார்டிங்காரரைத் திட்டினது வேற விஷயம்.

இதுக்குப் பேருதான் சோம்பேறித்தனம். சரி.

வேகத்தை நேராக்கினா பாட்டு ரெண்டரைக் கட்டை. இப்ப என் தொண்டைக்கு ஒண்ணரைதான். கீபோர்டுல இறக்கிட்டாத் தீந்துதுன்னு நெனைப்பீங்க. சரணத்துல மேல்ஸ்தாயி சுகமாயிருச்சு, பல்லவி கீழ்ப் பஞ்சமத்துக்குப் போய் ஸ்பீக்கர்ல முங்கிருச்சு. அதனால பல்லவியோட ரெண்டாவது அடிக்கு மட்டும் மெட்டை மேலே தூக்கினேன். அதோட இதுக்கு எடுப்பு, அதாவது பாட்டு ஆரம்பிக்கற இடம், தாளத்துல அரை இடம் தள்ளி. ரிதம் பேடு வாசிக்கிற பையன் சமத்துலயே, தாளத்தோட முதல் தட்டுலயே, லூப்பை எண்ணிட்டாரு, ரெண்டாவது தாளச் சுத்துல பாட்டு நொண்டுச்சு. நீங்க கேட்ட தடுமாற்றம் அதுதான். 'வயசாயிருச்சு'ன்னு கமெண்ட் போட்டவங்க கவனிக்கவும்.

இத்தனைக்கும் நடுவுல எனக்குக் கிடைச்சது ஒரே ஒரு சொல். கேசட்டுல இப்படி இருக்கு:

பள்ளத்து மடையில வெள்ளமில்லே
உள்ளத்தைச் சொல்லவும் ஆளுமில்லே

மேடையில இத்தனை வருஷமா 'தண்ணியில்லே'ன்னுதான் பாடிட்டு இருந்தேன். வெள்ளம்னா தமிழ்ல பெருக்கு, மலையாளத்துலதான் தண்ணி, மலையாள வாடை அடிக்குதுன்னு பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெரியவர் சொன்னதால மாத்தினது. தளை தட்டலை, வெள்ளமில்லே, தண்ணியில்லே ரெண்டும் யாப்புல ஒரே அளவு, கூவிளங்காய்தான். ஆனா பள்ளம், வெள்ளம், உள்ளம்னு எதுகை மூணு தடவை அடிச்ச இடத்துல நடு அடியைப் பிடுங்கிப் போட்டிருக்கேன். எழுதினவன் கெட்டிக்காரன், மாத்தினவன் பயந்தாங்கொள்ளி. ரெண்டு பேரும் நானேங்கறதால யார் மேலயும் கேஸ் போட முடியலை. அன்னையில இருந்து மத்த பாட்டையும் ஒண்ணொண்ணாக் கேக்கறேன், தூக்கம் வர மாட்டேங்குது. அது சந்தோசத்துல.

"புதுசு எழுத வேண்டியதுதானே?" எழுதறேன். போன மாசம் ரெண்டு போட்டேன், எத்தனை பேர் கேட்டீங்க? "தன் பாட்டைத் தானே ரசிக்கறது தற்பெருமை." இருந்துட்டுப் போகட்டும். "பழசைத் தொடாமப் பாடணும், சனத்து மனசுல இருக்கறது அதுதான்"னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. இது ஒண்ணுதான் நியாயமான கேள்வி. மெட்டைத் தொட்டதுக்கு என் தொண்டையைத் தவிர வேற சமாதானம் என்கிட்ட இல்லை.

ஆனா 'பழைய' பாட்டுங்கறீங்களே, எது பழசு? ஆழியாத்துல மணக்கடவு வழியாத் தமிழ்நாடு கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணி விடணும்னு 1970லயே ஒப்பந்தம் ஆச்சு. ஒவ்வொரு கோடையிலயும் கடைமடைக்காரன் அதே வாய்க்கால் மேட்டுல நின்னு அதே பேச்சைத்தான் பேசறான். அந்த மடையில வெள்ளம் இல்லாத வரைக்கும் பாட்டு மட்டும் எப்படிப் பழசாச்சு? இந்தக் கேரளப் பக்கம் 'தமிழ்ப் பாட்டு'ன்னு ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் மேடை ஏத்துவாங்க. எல்லையில வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள்ள போனா 'மலையாளத்தான் பாட்டு'. ரெண்டு பக்கமும் விருந்தாளிதான், ஒரு பக்கமும் இலை போடறதில்லை. இப்ப நம்ம ஊர்ப் பையனே பழைய சோறுங்கறான்.

தம்பி மேல கோவமில்லை. கொஞ்சம் இருக்கு. வீட்டுல இன்னும் பதினோரு கேசட் கிடக்கு, ரெண்டுல பூசணம். சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இருந்தா எடுத்துட்டு வாங்க தம்பி, என்னோடது முனை மழுங்கிருச்சு.